உங்களுக்குத் தெரியுமா? சைக்கிள் சக்கரவர்த்தி பெர்னார் ஈனோ

ஞாயிறு விடிவதற்குள் திருவான்மியூர் தாண்டி இசிஆரில் வரிசையாகப் போகும் சைக்கிள்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் என்று எல்லாப் பக்கமிருந்தும் வருகிறார்கள். சாலைப் பந்தயத்தில் யார் பெரிய வீரர் என்று அவர்களிடம் கேட்டால், முதல் ஐந்து பெயர்களுக்குள் கட்டாயம் வருபவர் பிரான்சின் பெர்னார் ஈனோ. கிரிக்கெட்டைக் கரைத்துக் குடித்த நம் ஊரில் இவரைப் பற்றி அதிகம் பேசியதில்லை. பேச வேண்டிய வாழ்க்கை இது.

குழந்தைகள் தினத்தில் பிறந்தவர்

புதுச்சேரியின் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவுக்கு வந்தது 1954 நவம்பர் 1 அன்று. அதற்கு 13 நாள் கழித்து, நேருவின் பிறந்தநாளான நவம்பர் 14 அன்று, பிரான்சின் மேற்குக் கோடியில் பிரிட்டனி பகுதியைச் சேர்ந்த இஃபினியாக் என்ற சிற்றூரில் பிறந்தார் ஈனோ. அப்பா ரயில் பாதைத் தொழிலாளி. வசதியான குடும்பம் இல்லை.

முதல் பந்தயமே வெற்றி

பள்ளி நாட்களில் ஈனோ ஓட்டக்காரர். காடுமேடெல்லாம் ஓடும் போட்டிகளில் கலந்துகொண்டவர். 1971-ல், 16 வயதில், முதன்முறையாகச் சைக்கிள் பந்தயத்தில் இறங்கினார். வந்தது முதலிடம். நான்கே ஆண்டுகளில், 1975-ல், தொழில்முறை வீரரானார். அடுத்த ஆண்டு முதல் அவரை வழிநடத்தியவர் சிரில் கிமார். எந்தப் பந்தயத்தில் இறங்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று இளம் வீரனின் உடலைக் கணக்கிட்டு வளர்த்தவர் இவர்.

டூர் டி பிரான்ஸ் என்றால் என்ன?

1903-ல் 'லோட்டோ' என்ற விளையாட்டுப் பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டுவதற்காகத் தொடங்கிய பந்தயம் இது. இன்று மூன்று வாரம், 21 கட்டங்கள், ஏறத்தாழ 3,500 கி.மீ. ஶ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் நெடுஞ்சாலையின் தூரத்தை, ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகளில் ஏறி இறங்கிக் கடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லா நாட்களின் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவருக்கே பட்டம். ஒரு கட்டத்தில்கூட முதலிடம் பெறாமல் டூரை வென்றவர்களும் உண்டு.

மஞ்சள் சட்டை

மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவர் மஞ்சள் சட்டை அணிவார். 1919-ல் வந்த வழக்கம். அந்தப் பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானது. அதுவே சட்டையின் நிறம். சாலையோரம் நிற்கும் ரசிகர், நூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் நொடிகளில் கடந்துபோகும்போதும் முன்னணி வீரரை அடையாளம் கண்டுகொள்ளலாம். டிக்கெட் கிடையாது, அரங்கம் கிடையாது. வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாலே போதும். அறுபத்துமூவர் வரும்போது மாடவீதித் திண்ணைகள் நிறைவது போல பிரெஞ்சு கிராமங்கள் ஜூலையில் நிறைந்துவிடும்.

பள்ளத்தில் விழுந்து எழுந்தவர்

1977-ல் டோஃபினே பந்தயம். கோல் டி போர்ட் மலையிலிருந்து இறங்கும்போது வளைவு தவறிச் சாலையோரப் பள்ளத்துக்குள் விழுந்தார் ஈனோ. தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் பதறிப்போனார்கள். அவர் மேலே ஏறி வந்தார். வேறு சைக்கிள் வந்தது. அதில் ஏறி அன்றைய கட்டத்தையும் வென்றார், பந்தயத்தையும் வென்றார். அப்போது வயது 22. பிரான்ஸ் முழுவதும் அவர் பெயர் தெரிந்தது அன்றுதான்.

முதல் முயற்சியிலேயே பட்டம்

1978-ல் முதன்முறையாக டூரில் கலந்துகொண்டார். அந்த முறையே வென்றார். அதே ஆண்டு ஸ்பெயின் சுற்றுப் பந்தயமான வுவெல்டாவும் அவருக்கே. அந்த டூரின் நடுவில் இன்னொன்றும் நடந்தது. விடியற்காலையில் எழுப்புவது, ஒரே நாளில் இரண்டு கட்டங்கள் ஓட்டச் சொல்வது என்று அமைப்பாளர்கள் வாட்டியதை எதிர்த்து, வலான்ஸ் டாஜென் ஊரில் வீரர்கள் சைக்கிளிலிருந்து இறங்கி நடந்தே எல்லைக்கோட்டுக்கு வந்தார்கள். முன்வரிசையில் நெஞ்சு நிமிர்த்தி நின்றவர், அந்த டூரின் புதுமுகமான ஈனோ.

காற்றுதான் முதல் எதிரி

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதைச் சமாளிக்கத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்கு. அதனால்தான் வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒட்டி ஓட்டுகிறார்கள். பின்னால் வருபவருக்கு உழைப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சம். தலைவருக்காக நாள் முழுக்கக் காற்றை வாங்குவதே அணித்தோழர்களின் வேலை. சென்னையில் மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வீசும்போது இசிஆரில் தெற்கு நோக்கி மிதித்தவர்களுக்கு இந்தக் கணக்கு தொடையில் தெரியும்.

கடைசி நாளிலும் ஓய்வில்லை

டூரின் கடைசி நாள் பாரிஸின் ஷான்செலிசே வீதியில் முடியும். பெரும்பாலும் பட்டம் அதற்கு முன்பே முடிவாகியிருக்கும். மஞ்சள் சட்டைக்காரர் கூட்டத்துக்குள் பத்திரமாக வந்து சேர்ந்தால் போதும். 1979-ல் ஈனோ அப்படி வரவில்லை. முதலிடத்திலிருந்த அவரும் இரண்டாமிடத்திலிருந்த நெதர்லாந்தின் யோப் சூட்டமெல்க்கும் கூட்டத்தை உதறிவிட்டுப் பாய்ந்தார்கள். கடைசிக் கட்டத்தையும் மஞ்சள் சட்டையோடே வென்றார் ஈனோ.

பனியில் 80 கிலோமீட்டர்

1980 ஏப்ரலில் பெல்ஜியத்தின் லியேஜ்–பாஸ்தோன்–லியேஜ் பந்தயம். தொடங்கியதும் பனி கொட்ட ஆரம்பித்தது. புறப்பட்ட 174 பேரில் 21 பேரே முடித்தார்கள். ஈனோ கடைசி 80 கி.மீ. தனியாக ஓட்டினார், மயிலாப்பூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் தூரம். இரண்டாவதாக வந்தவரைவிட 9 நிமிடம் 24 வினாடி முன்னால் முடித்தார். ஆனால் உறைந்துபோன இரண்டு விரல்கள் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை. குளிர் வந்தால் ஆண்டுகள் கழித்தும் அவை வலித்தன.

இரவோடு இரவாக விலகியவர்

அதே 1980-ல் இத்தாலியின் ஜிரோ பந்தயத்தையும் வென்றுவிட்டு டூருக்கு வந்தார். முழங்கால் தசைநார் வீங்கியது. மஞ்சள் சட்டை உடலில் இருக்கும்போதே, போ நகரில், இரவில் பந்தயத்திலிருந்து விலகினார். பத்திரிகைகள் அவர் கதை முடிந்தது என்ற தொனியில் எழுதின. ஆகஸ்ட் கடைசியில் பிரான்சின் சலான்ஷ் நகரில் உலகச் சாம்பியன் போட்டி. 268 கி.மீ.; சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போய்த் திரும்புவதைவிடச் சற்றே குறைவு. ஒரே மலையேற்றத்தை 20 முறை ஏற வேண்டும். முடித்தவர்கள் 15 பேர். முதலில் வந்தவர் ஈனோ.

பிடிக்காத பந்தயத்தையும் வென்றவர்

பாரிஸ்–ரூபே பந்தயத்தில் பல கி.மீ. தூரம் கருங்கல் பாவிய பழைய வயல்பாதைகள். பஞ்சர், சறுக்கல், சேறு. இந்தப் பந்தயம் தனக்குப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர் ஈனோ. ஆனாலும் 1981-ல் உலகச் சாம்பியனின் வானவில் சட்டையோடு அதில் இறங்கினார். பலமுறை விழுந்தார், ஒருமுறை குறுக்கே வந்த நாயால். ஒவ்வொரு முறையும் எழுந்துவந்து, கடைசியில் ரூபே மைதானத்தில் நடந்த பாய்ச்சலில் முதலிடம் பிடித்தார். 1956-ல் லூயிசோன் போபே வென்ற பிறகு ஒரு பிரெஞ்சுக்காரர் இதை வென்றது அப்போதுதான். பரிசு, பாதையிலிருந்து எடுத்த ஒரு கருங்கல்.

மூன்றையும் இருமுறைக்குக் குறையாமல்

டூர் ஐந்து முறை: 1978, 1979, 1981, 1982, 1985. ஜிரோ மூன்று முறை: 1980, 1982, 1985. வுவெல்டா இரண்டு முறை: 1978, 1983. மூன்று வாரம் நடக்கும் இந்த மூன்று பெரும் பந்தயங்கள் ஒவ்வொன்றையும் இருமுறையாவது வென்ற முதல் ஆண் வீரர் ஈனோ. 1982-லும் 1985-லும் ஜிரோ, டூர் இரண்டையும் ஒரே ஆண்டில் வென்றார். டூரில் மட்டும் 28 கட்டங்களில் முதலிடம்.

கால் விட்டுக்கொடுத்த ஆண்டுகள்

1983-ல் வுவெல்டாவை வென்றதன் விலை முழங்கால். அறுவை சிகிச்சை நடந்தது. அந்த ஆண்டு டூரில் கலந்துகொள்ளவில்லை. அவருடைய அணியின் 22 வயது லோரான் ஃபின்யோன் அதை வென்றார். கிமாரோடும் கருத்து வேறுபாடு முற்றியது. தொழிலதிபர் பெர்னார் தப்பி தொடங்கிய புதிய அணிக்கு ஈனோ போனார். 1984 டூரில் ஃபின்யோனைவிடப் பத்து நிமிடத்துக்கும் மேல் பின்தங்கி இரண்டாமிடம். ஆனால் அந்த டூரிலும் ஈனோ தாக்குவதை நிறுத்தவில்லை.

பனிச்சறுக்கிலிருந்து வந்த பெடல்

முன்பெல்லாம் வீரர்கள் பாதத்தைப் பெடலோடு தோல்வாரால் கட்டிக்கொள்வார்கள். விழுந்தால் காலை விடுவிக்கக் கையால் வாரைத் தளர்த்த வேண்டும். லூக் என்ற பிரெஞ்சு நிறுவனம் பனிச்சறுக்குக் காலணிகளுக்குப் பூட்டு செய்து பழகியது. அதே நுட்பத்தில் 1984-ல் சைக்கிள் பெடல் செய்தது. குதிகாலைத் திருப்பினால் பூட்டு விடும். 1985-ல் ஈனோ இந்தப் பெடலோடு டூரை வென்றார். இன்று இசிஆரில் காலை வேளையில் 'க்ளிக்' என்று கேட்கும் ஒலி இந்த வகைப் பெடல்களுடையதுதான்.

உடைந்த மூக்கோடு ஐந்தாவது பட்டம்

1985 டூர். சாந்தெத்தியென் நகரில் கட்டம் முடியும் இடத்தருகே பலர் மோதி விழுந்தார்கள். ஈனோவின் மூக்கு உடைந்தது. முகமெல்லாம் ரத்தம் வழிய எல்லைக்கோட்டைக் கடந்தார். மறுநாள் கிளம்பினார். மூச்சு விடவே சிரமம். மலைகளில் வேகம் குறைந்தது. அணித்தோழர் கிரெக் லெமாண்ட் தனக்கிருந்த வாய்ப்பை அணிக்காக விட்டுக்கொடுத்தார். 1 நிமிடம் 42 வினாடி வித்தியாசத்தில் ஈனோ ஐந்தாவது முறை வென்றார். ஜாக் ஆன்க்தீல், எடி மெர்க்ஸ் ஆகியோருக்குப் பிறகு ஐந்தைத் தொட்ட மூன்றாமவர் அவர். பின்னாளில் மிகெல் இந்துராயினும் சேர்ந்தார்.

21 வளைவும் 36 வளைவும்

அல்ப் டியூவெஸ் மலைப்பாதையில் 21 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் அங்கே வென்றவரின் பெயர்ப்பலகை. மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவுகள். 2008 முதல் நடக்கும் நீலகிரிச் சைக்கிள் பயணத்துக்குப் போகும் சென்னைக்காரர்கள் பேசி மாளாத ஏற்றம் அது. 1986-ல் அல்ப் டியூவெஸ் உச்சியை ஈனோவும் லெமாண்டும் கைகோத்துக் கடந்தார்கள். அந்த ஆண்டு லெமாண்டுக்கு உதவுவதாக ஈனோ சொல்லியிருந்தார். ஆனால் பந்தயத்தில் பலமுறை அவரையே தாக்கினார். கடைசியில் லெமாண்ட் வென்றார். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து டூரை வென்ற முதல் வீரர் அவர்.

கோபத்தின் மறுபக்கம்

சக வீரர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'பிளேரோ'. வளையில் வாழும், சீண்டினால் பிடியை விடாத ஒரு சிறு விலங்கின் பெயர். பெயருக்கேற்ற குணம் சில நேரம் எல்லை மீறியது. 1984 பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் கப்பல் கட்டும் தளத் தொழிலாளர்கள் சாலையை மறித்துப் போராடியபோது, ஈனோ இறங்கிப் போய் அவர்களில் ஒருவரைக் குத்தினார். கைகலப்பில் அவருடைய விலா எலும்பும் அடிபட்டது. ஆறு ஆண்டுக்கு முன் வீரர்களின் போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் செய்த செயல் இது. அவரைக் கொண்டாடுகிறவர்கள் இதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

சொன்ன நாளில் நிறுத்தினார்

32 வயதில் ஓய்வு என்று முன்பே அறிவித்திருந்தார். 1986 நவம்பரில் அதே வயதில் நிறுத்தினார். உடல் இன்னும் வெல்லும் நிலையில் இருந்தது. மறுபடி வரச் சொல்லி ஆசை காட்டியவர்களும் உண்டு. அவர் பிரிட்டனியில் பண்ணை வைத்து விவசாயம் பார்த்தார். பிறகு 2016 வரை, டூர் மேடையில் வெற்றியாளர்களுக்குச் சட்டை அணிவிக்கும் விழாவில் ஒவ்வொரு ஜூலையிலும் நின்றார்.

அவருக்கு முன்னால் நின்றவர்கள்

ரொட்டிக்கடைக்காரரின் மகன் லூயிசோன் போபேயும் பிரிட்டனிக்காரர். 1953 முதல் 1955 வரை தொடர்ந்து மூன்று முறை டூரை வென்றார். ஜாக் ஆன்க்தீல் முதன்முதலில் ஐந்தைத் தொட்டவர். விவசாயக் குடும்பத்து ரெமோன் புலிடோர் எட்டு முறை முதல் மூன்று இடங்களுக்குள் வந்தும், ஒரு நாள்கூட மஞ்சள் சட்டை அணியவில்லை. ஆனாலும் பிரெஞ்சு மக்களின் அன்பை ஆன்க்தீலைவிட அதிகம் பெற்றவர் புலிடோர்தான்.

நாற்பது ஆண்டுக் காத்திருப்பு

1985-க்குப் பிறகு ஒரு பிரெஞ்சு ஆண் வீரரும் டூரை வெல்லவில்லை. 2025-ல் பெண்களுக்கான டூரை போலின் ஃபெரான்-ப்ரெவோ வென்றார். அதே ஆண்டு பாரிஸ்–ரூபேயும் அவருடையது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் தங்கமும் அவருக்கே. ஈனோவைப் போலவே கருங்கல் பாதையிலும் மலையிலும் ஒருசேர வென்றவர்.

இசிஆரில் ஒரு பிரெஞ்சு வழக்கம்

1891-ல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் நகரம் போய்த் திரும்பும் 1,200 கி.மீ. பந்தயத்தை, பிரெஞ்சு வீரர் ஷார்ல் தெரோன் ஏறத்தாழ 71 மணி நேரத்தில் வென்றார். இன்று அது பந்தயம் இல்லை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பயணம். அதற்குத் தகுதி பெறுவதற்கான 'பிரெவே' பயணங்கள் சென்னையிலும் நடக்கின்றன. 200 கி.மீ.க்குப் பதிமூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. குறித்த நேரத்தில் முடித்த எல்லோரும் சமம். வங்கி ஊழியரும் மருத்துவரும் கல்லூரி மாணவரும் ஒரே இரவில் ஒரே சாலையில் மிதிக்கிறார்கள்.

அம்பத்தூரில் பிறந்த சைக்கிள்கள்

1949-ல் முருகப்பா குடும்பத்தார் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து சென்னையில் தொடங்கியது டிஐ சைக்கிள்ஸ். அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் ஊர் ஊராகப் போயின. குரங்கு பெடல் போட்டுப் பழகிய தலைமுறைக்கு ஹெர்குலிஸ்; அடுத்த தலைமுறைக்கு பிஎஸ்ஏ எஸ்எல்ஆர். சைக்கிள் செய்யத் தெரிந்த ஊர் இது. வீரர்களையும் உருவாக்க முடியும்.

வாசல் திறக்கிறது

இதுவரை ஓர் இந்திய வீரர்கூட டூரில் ஓட்டியதில்லை. ஆனால் பழைய எல்லைகள் உடைகின்றன. 2019-ல் கொலம்பியாவின் ஏகன் பெர்னால் டூரை வென்றார். 2024-ல் எரித்ரியாவின் பினியாம் கிர்மாய், டூரில் புள்ளிகளில் முதலிடம் பெறுபவருக்கான பச்சைச் சட்டையைப் பெற்றார். 2018-ல் அந்தமானின் ஈசோ ஆல்பன் உலக இளையோர் தடச் சைக்கிள் போட்டியில் வெள்ளி வென்றார்; உலகச் சாம்பியன் போட்டியில் இந்தியாவுக்குச் சைக்கிளில் கிடைத்த முதல் பதக்கம். 2024 ஜனவரியில் தமிழ்நாடு நடத்திய கேலோ இந்தியா இளையோர் விளையாட்டின் தடச் சைக்கிள் போட்டிகள் மேலக்கோட்டையூரில், விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் தடத்தில் நடந்தன.

சாவியைக் கையில் கொடுத்த சைக்கிள்

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் யாரையும் எதிர்பார்க்காமல் சந்தைக்கும் வேலைக்கும் போகத் தொடங்கினார்கள். 2001-02-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய அரசின் விலையில்லாச் சைக்கிள் திட்டம் பின்னர் விரிவடைந்தது. இன்று மயிலாப்பூர் பள்ளி வாசல்களிலும் அந்தச் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன.

எத்தனை மணிக்குப் பார்க்கலாம்?

டூர் ஜூலையில் நடக்கும். பெரும்பாலான கட்டங்கள் பிரான்ஸ் நேரம் மாலை 5 மணியையொட்டி முடியும். நமக்கு இரவு எட்டரை. வீட்டில் சாப்பாட்டு நேரம். முதன்முறை பார்ப்பவர்கள் ஒரு மலைக்கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். யார் முந்துகிறார் என்பதைவிட, யார் யாருக்காகக் காற்றை வாங்குகிறார் என்று கவனித்தால் ஆட்டம் புரியத் தொடங்கும்.

சென்னை கொடுத்த வாக்கு

2014-ல் சென்னை மாநகராட்சி, மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கை ஏற்றது. இந்திய நகரங்களில் இதில் முதலாவது சென்னை. போக்குவரத்து ஒதுக்கீட்டில் 60 விழுக்காடு நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்றது அந்தக் கொள்கை. 2019-ல் பாண்டி பஜார் நடைபாதை வளாகமாக மாறியது. ஒரு சாலையை மாற்ற முடியும் என்பதற்கு அதுவே சான்று. லஸ் சந்திப்பிலும் அடையாறு பாலத்திலும் பஸ்ஸுக்கும் கல் விளிம்புக்கும் நடுவே நெருக்கப்பட்டு மிதிக்கும் பள்ளிப்பிள்ளைக்கு இன்னும் அந்த இடம் கிடைக்கவில்லை. ரயில் தொழிலாளி மகனை உலகச் சாம்பியனாக்கியதில் அவனுடைய வைராக்கியத்துக்கு எவ்வளவு பங்கோ, அவன் பயமின்றி மிதிக்கக் கிடைத்த சாலைக்கும் அவ்வளவு பங்கு உண்டு. வைராக்கியம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. சாலையை நாம்தான் கொடுக்க வேண்டும்.